பூண்டு லீவு

கல்லூரியின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொட்டகையில் வீசிய அன்றைக்குக்கூடப் புவனாவுக்கு இவ்வளவு குமட்டவில்லை. பலகைதானே, போனால் போகிறது என்று இருந்துவிட்டாள். ஆனால் இன்று காலையில் நல்லசாமி சார், மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் நீல நாடாவுமாக உட்கார்ந்துகொண்டு, "அப்படி ஒரு லீவே நான் விடலைங்க" என்று வாய் கூசாமல் சொன்னாரே, அப்போது கிளம்பிய குமட்டல் மதியம் வரைக்கும் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

பழனிமலை வட்டாரப் பல்கலைக்கழகக் கல்லூரி. பலகையில் இருந்த பெயர் அது. அத்தனை நீளத்தை யார் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது? கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலைக் காலேஜ் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். போன வருஷம் அதைக் கீழே சமவெளியில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். இணைப்பாம் இணைப்பு! மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியோடு இணைந்தது என்று யாராவது சொல்வார்களா? நூலகத்துப் புத்தகங்கள் கீழே போயின. தாவரவியல் துறை கீழே போனது. மேலே வந்து சேர்ந்தவை, வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற ஒரு மெஷினும், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்ட ஆளுக்கொரு நீல நாடாவும்தான்.

நல்லசாமி அதுவரை முதல்வர். இணைப்புக்குப் பிறகு பொறுப்பு வளாக இயக்குநர். அந்தப் 'பொறுப்பு' உதிர்ந்து முழு இயக்குநர் ஆகிவிட வேண்டும் என்பதுதான் மனிதருக்கு இப்போது இருக்கிற ஒரே சோலி. கீழேயிருந்து ஒரு கார் வந்தால் போதும், கதவைத் திறந்துவிட டிரைவருக்கு முன்னால் இவர் ஓடுவார். வில்பட்டி விவசாயி வீட்டுப் பிள்ளை, நாலு பேருக்கு நல்லது செய்தவர் என்று அவர்மேல் புவனாவுக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. இதே கல்லூரியில் அவரிடம் பொருளாதாரம் படித்து, இதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனவள் அவள். கௌரவம் என்ற சொல்லுக்கு இந்த வேலையில் என்ன அர்த்தம் என்பது அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, அந்த லீவு விஷயத்துக்கு வருவோம். மாசி பிறந்து பூண்டுத் தாள் பழுத்துச் சாய்ந்துவிட்டால் மேல்மலைக் கிராமங்களில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. எடுக்கிற நேரத்தில் எடுக்காவிட்டால் ஒரு மழை போதும், பல் விரிந்து அழுகிப் போகும். அதனால் மலைக் காலேஜில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம். ஒரு நாள் காலைப் பிரேயரில் முதல்வர் மைக்கைப் பிடித்து, "ஏலே, நாளையிலேர்ந்து பூண்டு லீவு. எடுத்துக் கட்டிட்டு வெரசா வந்து சேருங்க" என்பார். அவ்வளவுதான். சுற்றறிக்கை கிடையாது, நோட்டீஸ் போர்டு கிடையாது. சொன்ன வாய்க்கு மேலே என்ன காகிதம் வேண்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நாட்களைச் சனிக்கிழமை வகுப்புகளால் ஈடுகட்டிவிடுவார்கள்.

இந்த வருஷமும் அப்படித்தான். சரியாக அந்த வாரத்தில்தான் கீழேயிருந்து துணைப் பதிவாளர் சிவமுருகன் வந்து, போட்டோக்காரரை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கழுத்தில் நீல நாடாவை மாட்டினார். "பழசை எல்லாரும் கழட்டிருங்க, இனிமே நீங்க பெரிய யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ்" என்றார். பிள்ளைகள் பழைய பச்சை நாடாவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை, பழக்க தோஷம், நல்லசாமி மைக்கைப் பிடித்துப் பூண்டு லீவு விட்டார். "மெஷினுக்கு என்ன சார் பண்றது?" என்று வரிசையில் இருந்து யாரோ கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், போங்கலே" என்றார். டவுன் பிள்ளைகள் எதற்கு வம்பு என்று தினமும் வந்து விரலை வைத்துவிட்டுப் போனார்கள். மேல்மலைப் பிள்ளைகள் சாரின் வாயை நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்குப் போனார்கள் என்றால் நேராகப் போகவில்லை. அங்கேதான் இருக்கிறது கூத்து. லீவின் முதல் இரண்டு நாள் வில்பட்டியில் நல்லசாமி சார் தோட்டத்தில் பூண்டு எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் தங்கள் ஊருக்குப் பஸ் ஏறுவது. அதுவும் வழக்கம்தான். கூலி கிடையாது, சாரின் மனைவி பொன்னுத்தாய் ஆக்கிப் போடுகிற சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. புவனாவும் போய் உட்கார்ந்து தாளைச் சேர்த்துக் கொத்து கட்டினாள். நார் தீர்ந்துபோனது. மேல்மலைப் பெண் மகாதேவி பையைத் துழாவிப் பழைய பச்சை நாடாவை எடுத்து ஒரு கொத்தை இறுக்கிக் கட்டினாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொன்றை எடுத்துவிட்டார்கள்.

தேர்வு நெருங்கியபோது கீழேயிருந்து ஒரு பட்டியல் வந்தது. வருகை போதாததால் தேர்வு எழுத முடியாதவர்கள். எல்லாம் மேல்மலைப் பிள்ளைகள். வேறு பெயர் ஒன்றுகூட இல்லை.

மகாதேவி மூன்றாம் வருஷம் பி.காம். பட்டியலைப் பார்த்ததும் அவள் அழவில்லை. புவனாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "மேம், இந்த வருஷம் எழுதலைன்னா அவ்வளவுதான். மாமா பையன் வீட்டுல தேதி பாத்துட்டாங்க. படிப்பு முடியட்டும்னு சொல்லித்தான் அம்மா தள்ளிப் போட்டுட்டு இருக்கு. ஒரு வருஷம் தள்ளிப் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்துல பூ வச்சுருவாங்க. அப்புறம் நானாவது எழுதறதாவது."

"சார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் மேம். 'பாக்கலாம் ஆத்தா'ன்னாரு."

அவர் பார்த்த லட்சணம்தான் இன்று காலை தெரிந்தது.

அந்தப் பட்டியலைப் பற்றிய விசாரணைக்குச் சிவமுருகன் வந்திருந்தார். சித்திரை வெயிலிலும் காதைச் சுற்றி மஃப்ளர். பக்கத்தில் இரண்டு பேர், வந்ததிலிருந்து போனைத் தவிர எதையும் பார்க்காதவர்கள். எதிரே நல்லசாமி. சுவரோரம் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்படி ஒரு லீவே நான் விடலைங்க" என்று நல்லசாமி ஆரம்பித்தார். "இதுகளுக்கு மழை பெஞ்சா லீவு, மஞ்சு எறங்குனா லீவு. இணைப்புக்கு முன்னாடி இதெல்லாம் கொஞ்சம் கண்டும் காணாம இருந்தது உண்மைதான். இப்ப டிசிப்ளின் வந்திருச்சு, அதுதான் இதுகளுக்குக் கசக்குது."

டிசிப்ளினாம்! புவனாவுக்குப் பகீர் என்றது. போன மாசிவரைக்கும் 'நம்ம பிள்ளைங்க' என்று சொன்ன வாய். ஒரு நாடாவின் நிறம் மாறினதும் 'இதுகள்' ஆகிவிட்டது.

சிவமுருகன் மகாதேவியைப் பார்த்தார். "யாரும்மா லீவுன்னு சொன்னது?"

"சாருதாங்க சார். ப்ரேயர்ல சொன்னாரு."

"ஏத்தா, நானா சொன்னேன்?" நல்லசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கறிக்கடைக்காரர் எடையில் கை வைக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"எழுத்துல ஏதாச்சும் இருக்கா?" என்றார் சிவமுருகன்.

இல்லை. எழுத்தில் எப்போது இருந்தது?

"சரி, அந்த நாள்ல எல்லாம் எங்கதான் இருந்தீங்க?"

மகாதேவி நல்லசாமியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வேலைக்குப் போயிருந்தோம் சார்" என்றாள். யார் தோட்டம் என்று சொல்லவில்லை. புவனாவுக்கு அவள் மனம் புரிந்தது. பொன்னுத்தாய் கையால் சாப்பிட்ட வீடு. நாலு பேருக்கு முன்னால் அந்த வீட்டு மனிதரை அசிங்கப்படுத்த அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை. அவளை அசிங்கப்படுத்த அந்த மனிதருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சார் தோட்டத்துலதான் இருந்தாங்க" என்று புவனா எழுந்தாள். "வில்பட்டியில. பூண்டு எடுத்தாங்க. நானும் கூட இருந்தேன்."

நல்லசாமியின் காது மடல் சிவந்தது. ஆனால் ஆளா அது, கல்லுளிமங்கன். "புவனா டெம்பரரி ஸ்டாஃபுங்க" என்று சிவமுருகன் பக்கம் சாய்ந்து, ஏதோ அது ஒரு தொத்து வியாதி என்பது போலத் தணிந்த குரலில் சொன்னார். "பெர்மனன்ட் ஆகலைன்னு கொஞ்சம் வருத்தம். என் தோட்டத்துல வெளியூர் ஆளுங்களக் கூட்டியாந்துதான் பூண்டு எடுத்தேன். ஸ்டூடன்ட்ஸ் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் வரலை."

சிவமுருகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு முடிவு சொல்லிரலாம்" என்றார்.

சாப்பாடு நல்லசாமி வீட்டிலிருந்து வந்திருந்தது. மூடியைத் திறந்ததும் பூண்டுக் குழம்பு மணம் வராந்தா முழுக்கப் பரவியது. முழு முழுப் பூண்டாக, எண்ணெய் மிதக்க. "மலைப்பூண்டுங்க, உங்க ஊர்ல கெடைக்காது. நல்லா போட்டுக்குங்க" என்று நல்லசாமி கரண்டி கரண்டியாக ஊற்றினார். போனைப் பார்த்தவர்களும் போனைக் கீழே வைத்துவிட்டுச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். யார் யார் விரலால் தோண்டின பூண்டு அது! நகத்துக்குள் மண் ஏறி, விரல் நுனியெல்லாம் எரிய, அந்தப் பிள்ளைகள் எடுத்தது. அதைத் தின்றுகொண்டே அவர்கள் தலையில் கை வைக்கப்போகிறார்கள். புவனா இலையைத் தொடாமல் எழுந்து வந்து குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள்.

கை துடைத்துக்கொண்டே நல்லசாமி பின்னால் வந்தார். "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? பெர்மனன்ட் லிஸ்ட்டுல உம் பேரு மேல கெடக்கு. பேசாம இரு."

"அந்தப் பிள்ளைங்க படிப்பு சார்..."

"ஒரு வருஷம்தானே? அடுத்த வருஷம் எழுதட்டும். என்ன குடியா முழுகிப் போச்சு?"

சீ! இந்த ஆளுக்கா வகுப்பில் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று இருந்தது அவளுக்கு. பதில் பேசினால் வாந்திதான் வரும் என்று வாசல் பக்கம் நடந்தாள்.

அங்கே சிவமுருகனின் கார் பின்பக்கம் திறந்து நின்றது. டிரைவர் பூண்டுக் கொத்துகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லசாமியின் அன்பளிப்பு. அடுப்புக்கு மேலே பரணில் தொங்கி, இரண்டு மாதம் புகை குடித்துப் பழுத்த பூண்டு. வீட்டில் எவரோ பரணிலிருந்து இறக்கினதை இறக்கினபடியே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பப் போனவள் நின்றாள். ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டியிருந்த கயிறு புகை படிந்து கறுத்திருந்தாலும் பச்சை தெரிந்தது. கட்டைவிரலால் துடைத்தாள். பழனிமலை வட்டார என்ற வெள்ளை எழுத்து எட்டிப் பார்த்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கொத்தோடு அறைக்குள் நுழைந்தபோது சிவமுருகன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளையும் உள்ளே வரச் சொல்லிவிட்டுக் கொத்தை மேஜைமேல், அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், இது உங்க காருல இருந்து எடுத்தது. இதை எதைக் கொண்டு கட்டியிருக்குன்னு பாருங்க. எங்க காலேஜு பழைய நாடா. புது நாடாவை இந்தப் பொண்ணு கழுத்துல போட்டுப் பழசைக் கழட்டச் சொன்னது நீங்கதான். போட்டோ இருக்கு. மறுநாள்தான் பூண்டு லீவு. வெளியூர் ஆளுங்க கைக்கு எங்க பிள்ளைங்க நாடா எப்படி சார் போச்சு?"

சிவமுருகன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

நல்லசாமியின் முகத்தில் இப்போதுதான் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. ஆனாலும் விடவில்லை மனிதர். "குப்பையில வீசுனதை எவனாவது பொறுக்கிட்டு வந்திருப்பான். இதுகளுக்குக் காலேஜு மேல என்ன மதிப்பு இருக்கு? கழட்டுன அன்னைக்கே தூக்கி எறிஞ்சிருக்கும்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகாதேவி நிமிர்ந்தாள்.

"நாங்க யாரும் குப்பையில போடலீங்க சார்" என்றாள். "நார் தீந்துபோச்சுன்னு நாந்தான் மொதல்ல எடுத்துக் கட்டுனேன். நீங்க வரப்புல நின்னு பாத்துட்டு என்ன சொன்னீங்க? 'காலேஜு கயிறு கடைசியா ஒரு சோலிக்கு ஆச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நாங்களும் சிரிச்சோம். காலையில கேட்டப்ப உங்க வீட்டுல சாப்பிட்டோமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். குப்பைங்கிறீங்களே சார்."

வெளியே டிரைவர் காரின் பின்கதவை டப்பென்று சாத்துகிற சத்தம் கேட்டது. சிவமுருகன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதைப் புவனா பார்த்தாள். பிள்ளைகளுக்காக ஓடின கணக்கு அல்ல. இந்த விஷயம் வெளியே போனால், விசாரிக்க வந்தவர் காரில் என்ன இருந்தது என்ற பேச்சும் சேர்ந்து போகும். அதுதான் அவருக்கு உறைத்தது.

தொண்டையைச் செருமினார். "இதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்லையே. இது களப்பயிற்சி. விவசாயப் பகுதி மாணவர்களுக்கு இயக்குநர் தன் சொந்தத் தோட்டத்துலயே பயிற்சி கொடுத்திருக்கார். வருகைப் பதிவுல சேத்துக்கலாம். எல்லாரும் பரீட்சை எழுதட்டும். என்ன நல்லசாமி?"

"அதைத்தாங்க நான் மொதல்லேர்ந்து சொல்ல வந்தேன்!" என்றார் நல்லசாமி.

மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. விடாத லீவு, வராத பிள்ளைகள், வெளியூர் ஆட்கள், குப்பை எல்லாம் ஒரே விழுங்கில் உள்ளே போய்விட்டன. மனிதர் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சோந்திக்குக்கூட நிறம் மாற்றக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

"உங்க இயக்குநருக்கு ஒரு கைத்தட்டல் குடுங்கப்பா" என்றார் சிவமுருகன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தட்டினார்கள். பரீட்சை எழுத வேண்டுமே, தட்டாமல் என்ன செய்வார்கள்? போனைப் பார்த்தவர்கள் தட்டினார்கள். புவனாவின் கையும் பழக்கத்தில் இரண்டு தடவை தட்டிவிட்டது. மூன்றாவதில்தான் அவளுக்கு உறைத்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தட்டாமல் நின்றது மகாதேவி ஒருத்திதான்.

கூட்டம் முடிந்தது. சிவமுருகன் எழுந்து மஃப்ளரைச் சரிசெய்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். மேஜையில் கிடந்த பூண்டுக் கொத்தைக் காட்டி, "அதையும் வண்டியில வச்சிரச் சொல்லும்மா" என்றார்.

த்தூ, இதற்கும் ஒரு மனசு வேண்டும்! புவனா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நல்லசாமி, "ஏத்தா, எடுத்துக் குடு" என்று மகாதேவியிடம் விரலைச் சொடுக்கினார்.

மகாதேவி மேஜைக்கு வந்தாள். கொத்தை எடுத்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு மாதப் புகையில் இறுகின முடிச்சு, அவள் போட்டதாகவே இருக்கலாம், உடனே அவிழ்ந்தது. தாள்கள் பிரிந்து பூண்டுகள் மேஜையில் சிதறின. சில உருண்டு தரையில் விழுந்து சிவமுருகனின் செருப்புக்கும் நல்லசாமியின் காலுக்கும் நடுவே ஓடின.

"பூண்டு உங்களுது சார்" என்றாள். "கயிறு எங்க காலேஜுது."

கறுத்துப்போன பச்சை நாடாவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஹால் டிக்கெட் வாங்க ஆபீஸ் பக்கம் நடந்தாள். மற்ற பிள்ளைகளும் அவள் பின்னாலேயே போனார்கள்.

முழு இயக்குநர் ஆகப்போகிறவர், நீல நாடா முன்னால் தொங்கித் தரையைக் கூட்ட, மேஜைக்கு அடியில் முட்டி போட்டுப் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று உருண்டு வந்து புவனாவின் காலடியில் நின்றது. "அதை எடும்மா புவனா" என்றார், தலையைத் தூக்காமலேயே.

புவனா காலை மட்டும் நகர்த்திக்கொண்டாள்.